தம்பியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள்

பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் நம்பியிருந்ததைப் பொய் என்று சொல்லிக் கலங்கடிப்பதுதான் என் வேலை. அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான் வட்டம் போட்டு ஓடுகிறது என்று படித்துவிட்டு வந்திருப்பார்கள். வட்டமும் கிடையாது, பாதையும் கிடையாது. இங்கே இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அங்கே கம்மி, அதற்கு மேல் அடித்துச் சொல்ல யாராலும் முடியாது என்பேன். பிறகு கரும்பலகையில் சாக்பீஸால் புள்ளி வைக்க ஆரம்பிப்பேன். நடுவில் நெருக்கமாக, வெளியே போகப் போக இடைவெளி விட்டு. என் வலது தோள்பட்டை வலி ஹைட்ரஜனால் வந்தது.

வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை எழுந்து கேட்காமல் இருக்காது. "ஹைட்ரஜன்ல ஒரே ஒரு எலக்ட்ரான்தானே சார்? இம்மாம் புள்ளி வச்சிக்கினே போறீங்க?"

"எல்லாம் ஒண்ணுதாம்மா. ஒரே ஆளை வேற வேற நேரத்துல போட்டோ புடிச்சு, ஒரே காயிதத்துல ஒட்டுன மாதிரி."

தம்பி காணாமல் போன பிறகு இந்தப் பதிலைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவப் பழகிக்கொண்டேன்.

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கிவரும் லாரியில் அவன் லோடு தூக்கிக்கொண்டிருந்தான். ஒரு நாள் காலை வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். லாரிக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டில் சண்டை இல்லை. காதல் இருந்ததாகவும் தகவல் இல்லை. ஒரு காரணம் கிடைத்திருந்தால் அதையாவது திட்டிக்கொண்டிருக்கலாம். போலீசில் எழுதிக் கொடுத்தோம். போட்டோ கேட்டார்கள். எங்களிடம் இருந்த ஒரே நல்ல படத்தில் அவன் அத்தை மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். பாதி முகம் சாம்பார் வாளிக்குப் பின்னால்.

கூலி வேலை செய்தே எங்கள் இருவரையும் ஆளாக்கிய அப்பா, பெரியவன் படித்தவன் என்ற நம்பிக்கையில் என்னிடம் வந்தார்.

"கண்ணுக்கே தெரியாதது எங்க கீதுன்னு ஊரு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறியே, ஆறடி ஆளு எங்க கீறான்னு சொல்லுடா."

முதுகலைப் பட்டம் பெற்ற நான் அந்தச் சாம்பார் வாளிப் போட்டோவைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

பிறகு ஆட்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் தாடியோடு பார்த்தோம் என்றார்கள். திருக்கோவிலூரில் அன்னதான வரிசையில். களமருதூரில் நெல் அறுப்புக்கு வந்த கூட்டத்தில். ஒவ்வொரு தடவையும் அப்பாவை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். போன இடத்தில் எல்லாம் ஓர் ஆள் இருந்தார். அவன்தான் இல்லை. சங்கராபுரத்து ஆள் என் தோளுக்குக்கூட வரமாட்டார். திருக்கோவிலூர்க்காரருக்கு அப்பா வயது. களமருதூர்க்காரர் போட்டோவை வாங்கிப் பார்த்து, "இந்த ஆளை வுட நான் செவப்புங்க" என்று கோபித்துக்கொண்டார்.

வகுப்பில் பிள்ளைகள் ஒன்றைப் பல என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் பலரை ஒருவன் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவன் இருந்த வரைக்கும் அப்பாவும் நானும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மின்சுமை. அணுக்கருவும் அணுக்கருவும் பக்கத்தில் வந்தால் தள்ளிக்கொள்ளும். நடுவில் கிடக்கும் எலக்ட்ரான்தான் இரண்டையும் இழுத்துப் பிடித்திருக்கிறது, அதற்குப் பெயர்தான் பிணைப்பு என்று பாடம் நடத்துகிறேன். எங்களை ஒரே வண்டியில் ஏற்றி உட்கார வைத்தவன் எங்கே இருந்தான் என்று மட்டும் தெரியவில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெள்ளிமலையிலிருந்து போன் வந்தது. அங்கே செல்போன் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர்.

"சார், பஸ் ஸ்டாப்புல ஒருத்தர் குந்திக்கினு கீறாரு. போட்டோல கீறவரு மாதிரியே கீது. சீக்கிரம் வாங்க சார்."

போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினேன். அப்பா வண்டிச் சாவியை எடுத்து மடியில் சொருகிக்கொண்டார்.

"போவாத."

"அப்பா, அவன் எங்கயாவது பூட்டான்னா..."

"போவாதன்றேன் இல்ல? நாம போற வரைக்கும் அவனாத்தான் கீறான். போய்ப் பாத்தா வேற எவனோவா ஆயிடறான்."

எலக்ட்ரானைப் பார்க்க வேண்டுமானால் அதன் மேல் ஒளியைப் பாய்ச்ச வேண்டும். பாய்ச்சினால் அது இருந்தபடி இருக்காது. ஐந்து மார்க் கேள்வி. நான் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி நின்றேன்.

"சார், பஸ் வந்துட்ச்சி. ஆளு ஏறப்போறாரு. நிறுத்தட்டா?"

"எந்த ஊரு பஸ்ஸுன்னு கேளு" என்றார் அப்பா.

கேட்டேன். கள்ளக்குறிச்சி பஸ். மலை இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி, எங்கள் ஊர் வழியாகத்தான் அது போக வேண்டும்.

"அப்ப நிறுத்த வாணாம்னு சொல்லு."

சொன்னேன்.

அப்பா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் தாழ்ந்த பிறகு பஸ் சத்தம் கேட்டது. எங்கள் ஸ்டாப்பில் நின்றது. விசில் கேட்டது, கிளம்பியது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டிலிருந்து ஒருத்தர் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தோம். அதற்கு மேலும் கொஞ்சம்.

"தூங்கிக்கினே ஸ்டாப்பைத் தாண்டிப் பூட்டிருப்பான்" என்றார் அப்பா.