கேட்பதற்கு முன் வந்த பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோவிலுக்குப் போவதே மனைவி முறைப்பாள் என்பதற்காகத்தான். பேய்க்கதை சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது நீங்கள் அடக்கிக்கொண்டிருக்கிறீர்களே, அதே சிரிப்பு. எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, கிடைக்கவில்லை என்றால் ஒழுங்காகத் தேடவில்லை என்று அர்த்தம். அந்த விஜயதசமி வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படூரில் எங்களுடையது சின்ன அலுவலகம். கோவளம் பக்கத்துப் படகுகளில் ஒரு சிறிய கருவி பொருத்தியிருக்கிறோம். கடலுக்குப் புறப்படும்போது எத்தனை பேர் போகிறார்கள் என்று அதில் தட்டிவிடுவார்கள், கரை சேர்ந்ததும் பச்சைப் பட்டன், ஆபத்து என்றால் சிவப்பு. செய்தியெல்லாம் எங்கள் சர்வருக்கு வரும். சர்வர் என்பது ஒரே பெட்டிதான், ஆனால் அதற்குள் நாலைந்து கணினிகள் தனித்தனியாக ஓடுவதுபோல அமைத்திருப்போம். விர்ச்சுவல் மெஷின் என்போம், ஒரே வீட்டில் நாலு குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று செய்திகளை வாங்கும், இன்னொன்று அவற்றைத் திரையில் காட்டும்.

ஆயுத பூஜையன்று படகுகளுக்கும் பூஜை என்பதால் யாரும் கடலுக்குப் போவதில்லை. நாங்களும் சர்வரை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள்தான் தொடுவோம். அந்த வருஷம் மறுநாள் காலையில் போட்டால் எல்லாமே ஆமை வேகம். முதலாளி தலைமேல் வந்து நின்றார்.

"இன்னாபா இது, பேஜாரா கீது? ஒரு மெசேஜ் வர்றதுக்குள்ள நாஸ்தா துன்னுட்டு வந்துடலாம் போல."

பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பூஜை போட்ட மகராசன் யாரோ, பக்தி மிகுதியில் நெட்வொர்க் கேபிள் செருகும் துளைக்கே சந்தனத்தை அப்பி வைத்திருந்தார். மனதுக்குள் திட்டிக்கொண்டே துடைத்தேன், கேபிளை மாற்றினேன். அப்போதும் மந்தம்தான். மின்சாரம் மிச்சப்படுத்தும் அமைப்பை நிறுத்தினேன், ஒவ்வொரு மெஷினின் நெட்வொர்க் அமைப்பையும் கழற்றி மாட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பிங் போட்டேன். ஒரு கணினி இன்னொன்றை "இருக்கிறாயா" என்று கேட்கும், அது "இருக்கிறேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. நேரம் மைனஸில் வந்தது. அதாவது, கேட்பதற்கு முன்பே பதில் வந்திருக்கிறது.

இதற்கும் காரணம் எனக்குத் தெரியும். உள்ளே இருக்கும் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று பிசகினால் இப்படிக் காட்டும். கடிகாரத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். அப்போது விடியற்காலையிலேயே கிளம்பியிருந்த ஒரு பெரியவரின் படகு கரை சேர்ந்ததாகச் செய்தி வந்தது. அதில் இருந்த நேரம் என் கைக்கடிகாரம் காட்டியதைவிட அரைமணி பிந்தியது, இனிமேல்தான் வரவேண்டிய நேரம். சந்தேகத்தில் அவருக்குப் போன் போட்டேன்.

"இன்னா சார், இன்னும் கடல்லதான் கீறோம். கரை இப்பதான் கண்ணுக்குத் தெரியுது," என்றார்.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, செய்தியில் இருந்த அதே நேரத்துக்கு அவர் கரை சேர்ந்தார். பச்சைப் பட்டனை அமுக்கிவிட்டேன் என்று போனில் சொன்னார். திரையில் புதிதாக எதுவும் வரவில்லை. அது ஏற்கெனவே வந்துவிட்ட செய்தி அல்லவா.

அடுத்து வந்தது சிவப்பு. என் மனைவியின் தம்பி சேகரின் படகு. ஆபத்து, ஆட்கள் ஐந்து, நேரம் சாயங்காலம். அப்போது மதியம்கூட ஆகவில்லை. உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், சிவப்புப் பட்டன அமுக்கினியா?"

"இன்னா மாமா நீ, போட் இன்னும் மணல்லயே கீது. இப்பதான் தேங்கா ஒடச்சிகினு கீறோம். மதியத்துக்கு மேலதான் எறக்குவோம்."

"எத்தினி பேரு போறீங்க?"

"எப்பவும் போற நாலு பேருதான். ஏன்?"

"இன்னிக்கு எறக்காதடா."

"பூஜை போட்டு மொத தபா எறக்கச் சொல்லோ, போவாதன்றியே! நல்ல வாய் மாமா உனுக்கு."

"உன் கால்ல வேணா வுழறேன் சேகரு. உங்கக்காவுக்கு நான் பதில் சொல்லணும். இந்த ஒரு நாளு."

அவன் கெட்ட வார்த்தையில் ஏதோ முனகினான், ஆனால் போகவில்லை.

சாயங்காலம் நானே கோவளத்துக்குப் போய்க் கரையில் நின்றேன். கடல் தட்டு மாதிரி கிடந்தது. போன படகுகள் எல்லாம் மீன் அள்ளிக்கொண்டு வந்தன. சேகர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இதற்குள் முதலாளி சர்வரை முழுசாக அணைத்து மறுபடி போட்டிருந்தார், வேகம் சரியாகிவிட்டது, மைனஸ் போய்விட்டது. அந்தச் சிவப்புச் செய்தியும் காணோம், வந்ததற்கான தடயமே இல்லை. "தூக்கக் கலக்கம்பா உனுக்கு" என்று சிரித்தார். நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஐந்து பேர் என்றுதானே வந்தது, அவர்கள் நாலு பேர்தானே, ஆகவே அது வெறும் குப்பைச் செய்தி. காரணம் கிடைத்த நிம்மதியில் வருஷங்கள் ஓடின.

போன வாரம் சேகர் வீட்டுக்கு வந்தான். பழைய கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. என் மகள் அவன் தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா ரொம்ப ஆசைப்படுது மாமா. ஒரு நாளு சாயந்தரமா போட்டுல இட்டுகினு போயி காட்டிட்டு வந்துடறோம். நாங்க நாலு பேரு கீறோமே, இன்னா பயம்?"

நாலும் ஒன்றும் ஐந்து. வேண்டாம் என்று நான் கத்திய கத்தலில் மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். ஏன் என்று மூன்று பேரும் கேட்டார்கள். மகள் இன்றைக்கு வரைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. எங்கள் திரையில் செய்தியின் நேரம் மட்டும்தான் தெரியும். தேதி தெரியாது.