விரல் இல்லை என்று எழுதிய கை

என் ராத்தாவுக்கு, கூடப் பிறந்த அக்காவுக்கு, வலது கையில் ஐந்து விரல்கள் இருக்கின்றன. இதை எழுதிவைக்க வேண்டிய நிலை எங்களுக்கு வந்தது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நானும் ராத்தாவும் புத்தளத்தில் ஓர் உப்பளத்தில் ஒரே வரிசைப் பாத்திகளில் வேலை செய்தோம். யுத்தத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை விரட்டியபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. இங்கே கிடுகுக் கொட்டிலில் இருந்து சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன். ராத்தா எழுத்துக்கூடப் படிக்கவில்லை. எனக்கு வேலை பழக்கியது அவர்தான்.

அந்த வருடம் அவருக்கு அடிக்கடி தலை சுற்றியது. வரம்பில் உப்புக் கூடையோடு நடக்கும்போது நின்று கண்ணை மூடிக்கொள்வார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் சொன்னால், ஒரு வேலை நாள் போய்விடும் என்பார். அடுத்த கிழமை பார்க்கலாம் என்பார்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி கொண்டுவந்தார்கள். அதற்குள் விரலை வைத்தால் வெளிச்சம் தோலுக்குள் போகும். திரும்பி வருகிற வெளிச்சத்தை வைத்து உடம்பில் இரத்தம் போதுமா, குறைவா என்று கருவி சொல்லும். ஊசி குத்தத் தேவையில்லை. குறைவு என்று காட்டினால் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தோடு போகிறவர்களுக்கு அன்றைய கூலியை வெட்டுவதில்லை என்று உப்பள அலுவலகமும் ஒத்துக்கொண்டது. எனக்கு வேண்டியது அந்தக் கடிதம் ஒன்றுதான்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லி, பெயர் எழுத என்னைக் கதிரையில் உட்கார வைத்தார்கள். புது ஆட்கள் முன்னால் எனக்கு வாய் திறக்காது. எழுதுவதென்றால் பேசத் தேவையில்லை என்று சம்மதித்தேன்.

குழுவில் தமிழ் பேசுகிற ஒரு பெண்பிள்ளை இருந்தாள். யாழ்ப்பாணப் பக்கம். அவளுடைய படிப்பு இரத்தத்தைப் பற்றியது இல்லை, பௌதிகவியல். ஓய்வு நேரத்தில் வரம்புக்கு வந்து ஒரு கல் உப்பைப் பெருக்கிக் காட்டும் வில்லையால் பார்க்கச் சொன்னாள். எல்லாப் பக்கமும் சதுரமாக இருந்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளும் இப்படித்தான் கட்டம் கட்டமாக நிற்கின்றன என்றாள். தன் படிப்பும் காந்தத்துக்குள் இருக்கிற இப்படிப்பட்ட கட்டங்கள்தானாம். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்கும். சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தால் நெடுநேரம் ஒன்றும் நடக்காது. ஓர் இடத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பிவிடும். பாத்தியும் அப்படித்தான் என்று சொன்னேன். நாள்கணக்காகத் தண்ணீராகவே கிடக்கும். ஒரு பின்னேரம் மேலே மெல்லிய ஏடு படரும். அதற்குப் பிறகு நிறுத்த முடியாது. அவள் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். நான் சொன்ன ஒன்றை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவளை எனக்குப் பிடித்திருந்தது. பிறகு வந்த கோபம் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் அலுவலகத்து ஆட்கள் விரல் வைத்தார்கள். எல்லோருக்கும் இலக்கம் வந்தது. பிறகு பாத்திப் பெண்கள். ராத்தா விரலை வைத்தார். திரையில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் வந்தன.

"என்ன மிஸ் சொல்லுது?"

"விரல் இல்லையெண்டு சொல்லுது, அக்கா. இன்னொருக்கா வையுங்கோ."

ராத்தா விரலை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கே மிஸ். காலையில பாணப் பிச்சுத் திண்டது இதாலதான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

வருடக்கணக்காக உப்புத் தண்ணீரில் ஊறிய விரல் நுனி தடித்து வெடித்துக் கிடக்கும். வெடிப்பு எரியாமலிருக்க வேலை தொடங்குமுன் எல்லோரும் தேங்காயெண்ணெய் பூசுவோம். வெளிச்சம் அந்தத் தோலைத் தாண்டவில்லை. துடைத்து வைத்தார். மறுபடி அதே இரண்டு சொற்கள். மூன்றாம் தரமும் அதே. அதோடு கருவி ராத்தாவின் பெயரை மூடிவிட்டது. எந்தப் பொத்தானை அழுத்தியும் திறக்கவில்லை.

அது விதி என்று அந்தப் பிள்ளை விளக்கினாள். 'எப்போதும்', 'எப்போதாவது', 'அதுவரை' என்று நேரத்தைப் பற்றிய சொற்களை வைத்துக் கருவிக்கு விதி எழுதுவார்களாம். மூன்று தரம் தொடர்ந்து வெளிச்சம் திரும்பி வராவிட்டால், ஆய்வு முடியும்வரை அந்தப் பெயர் எப்போதும் மூடியே இருக்கும். கருவி இந்த விதியை ஒருபோதும் மீறாது என்று கணக்குப் போட்டு நிறுவியிருக்கிறார்களாம். சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை தெரிந்தது. மீறத்தான் இல்லை. அந்த விதியை யாருடைய விரலை வைத்து எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. பேனை மட்டும் பிடித்த விரல்களாக இருந்திருக்கும்.

வரிசையில் நின்ற பெண்களுக்குக் கேட்காதபடி அவளிடம் மெதுவாகச் சொன்னேன்: "காது மடல் மெத்தெண்டு இருக்கும் மிஸ். அதுல வெச்சுப் பாக்க ஏலாதா? இல்லாட்டி ஒரு ஊசி குத்திப் பாருங்க."

அவள் போய்க் குழுத் தலைவரான தங்கள் சேரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. விரலுக்கு மட்டும்தான் அனுமதி எடுத்திருக்கிறார்கள், ஊசி இல்லாமல் பார்ப்பதுதான் ஆய்வே என்று வந்து சொன்னாள். பதிவில் எழுதச் சொன்னாள். ராத்தாவின் பெயருக்கு நேரே 'விரல் இல்லை' என்று எழுதினேன். ராத்தா என் முன்னால் நின்று தன் பெயருக்குப் பக்கத்தில் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசிக்கத் தெரியாததால் அழகான எழுத்து என்றார். அடுத்தவருக்கும் அதையே எழுதினேன். அன்று பகல் முழுக்க எங்கள் பெண்கள் எல்லோருக்கும் நேரே அதையே எழுதினேன்.

கடிதம் வரவில்லை. விரல் இல்லாதவர்களுக்கு இரத்தம் குறைவு என்று எப்படிக் கடிதம் தருவது?

சில கிழமைகள் கழித்து ராத்தா வரம்பில் விழுந்தார். கூடை உப்பு பாத்திக்குள் கொட்டியது. உப்பு ஏற்ற வந்த லொறியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு தாதி அவருடைய விரலில் ஊசியால் குத்தி ஒரு துளி எடுத்தார். எனக்கு யாரோ வாங்கித் தந்த தேத்தண்ணி ஆறுமுன் முடிவு வந்தது. இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள் என்று தாதி ஏசினார். நான் செய்தது பெயர் எழுதியது.

ராத்தா பிழைத்தார். ஆனால் பாத்திக்குத் திரும்பக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். உப்பளம் தவிர வேறு வேலை தெரியாதவர் வீட்டு வாசலில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மாதங்கள் போகப் போக விரல் வெடிப்புகள் மூடிக்கொண்டு வந்தன.

ஒரு நாள் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். கையில் அதே பதிவுக் கொப்பி. ஆய்வு முடிகிறதாம். எல்லோரும் சரியான முறையில் பரிசோதிக்கப்பட்டார்கள் என்று எழுதினவர் கையெழுத்து வைக்க வேண்டுமாம். ராத்தா விழுந்த கதை அவளுக்குத் தெரியாது. சொன்னேன். அவளுடைய முகம் வாடியது. அது எனக்குப் போதவில்லை.

ராத்தா வாசலிலிருந்து கையை நீட்டினார். "இப்ப வெச்சுப் பாருங்க மிஸ். முளைச்சிருக்கும்."

நான் கொப்பியை வாங்கினேன். எங்கள் பெண்களின் பக்கத்தைத் திறந்து, ராத்தாவின் பெயருக்கு நேரே நான் எழுதியிருந்ததை ஒரே கோட்டால் வெட்டினேன். அதற்குக் கீழே 'விரல் இருந்தது. கருவிக்குத் தெரியவில்லை' என்று எழுதினேன். அடுத்த பெயருக்குப் போனேன்.

"அக்கா, அதில வெட்டாதேங்கோ. சேர் என்னைத்தான் ஏசுவார்."

"ஏசட்டும் மிஸ். எழுதினது நான்தானே. ஊசிய கேட்டதும் நான்தான். அதையும் எழுதுறன்."

எழுத்து முன்புபோல் அழகாக வரவில்லை. கடைசிப் பெயர் வரை எழுதி முடித்து, காது மடலையும் ஊசியையும் பற்றி நான் கேட்டதையும் கிடைத்த பதிலையும் அடியில் எழுதினேன். கையெழுத்தை அதற்குக் கீழேதான் வைத்தேன். அவர்கள் கேட்ட இடம் வெறுமையாகவே இருந்தது.

கொப்பியை அவளிடம் கொடுக்குமுன் ராத்தா எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள எழுதியிருக்க?" என்று கேட்டார். முதல் பெயரிலிருந்து தொடங்கி, அந்தப் பிள்ளையை நிற்க வைத்து, ஒவ்வொன்றாக உரத்து வாசித்தேன்.