கட்டு முதலில், காயம் பிறகு

பழைய கத்திச்சண்டைப் படங்களில் தப்புக் கண்டுபிடிப்பதில் எனக்கு எங்கள் தெருவில் ஒரு பேர் உண்டு. அல்சூர் ஏரிப் பக்கம் எங்கள் தெருவில் யார் வீட்டு டிவியில் அரசகுமாரன் குதிரை ஏறினாலும் என்னைக் கூப்பிட ஆள் வரும். ஏறும்போது முழு வெள்ளைக் குதிரை, இறங்கும்போது நெற்றியில் பழுப்புத் திட்டு இருக்கிற குதிரை என்று சொல்லிவிடுவேன். வாயிற்காவலன் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கழற்றிய தடம் இருக்கும். பாதாளச் சிறையில் மாதக்கணக்கில் கிடந்த ராணியின் தலையில் பூ வாடாமல் இருக்கும். எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது.

இந்தக் கண் வந்தது எழுத்து வராததால்தான். படத்தில் பேர் போடும்போது மற்றவர்கள் படிப்பார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள். கூட்டி முடிப்பதற்குள் அந்தப் பேர் போய் அடுத்த பேர் வந்துவிடும். சரி போ என்று எழுத்தை விட்டுவிட்டு அதன் பின்னால் தெரிகிற கோட்டையையும் மரத்தையும் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. இதில் எனக்குப் பெருமைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

என் நாத்தனாருக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் தங்கைக்கு, வேறு திறமை. அவள் வேஷம் மாற்றுவாள். படம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதே தொடங்கிவிடுவாள்.

"அண்ணி, அந்தக் கொள்ளைக்காரத் தலைவன் இருக்காரே, அவரைக் கதாநாயகனா போட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்? இன்னா குரலு! இவரு கத்தி தூக்கறதுக்குள்ள அவரு நாலு பேரை முடிச்சிடுவாரு."

"அப்போ உன் கதாநாயகன் இன்னா பண்ணுவாரு?"

"அவரு நல்லா அழுவாரு. ராஜகுமாரிக்கு அப்பனா போடு."

அவள் சொன்னால் அப்படியே கண்ணுக்குத் தெரியும். அவள் மாற்றிப்போட்ட படங்கள் நிஜப் படங்களைவிட நன்றாக இருந்தன. பிறகு எங்கள் வீட்டு ஆட்களுக்கும் வேஷம் கொடுக்க ஆரம்பித்தோம். நான் எப்போதும் தளபதி. என் வீட்டுக்காரர் ஈட்டியைக் கட்டிப்பிடித்தபடி தூங்கும் காவலன். என் நாத்தனார் புருஷனுக்கு, அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், தூதன் வேஷம். ராஜா செத்தபிறகு ஓலையோடு வந்து நிற்கிற தூதன்.

அதற்குக் காரணம் அவருடைய வேலை. அந்தக் காலத்தில் இரண்டு தியேட்டர்கள் சேர்ந்து ஒரே படச்சுருளை வைத்து ஓட்டும். மார்க்கெட் பக்கத்துத் தியேட்டரில் முதலில் ஆட்டம் தொடங்கும். படம் பல சுருளாக, பெட்டி பெட்டியாக இருக்கும்; அங்கே ஒரு பெட்டி ஓடி முடிந்ததும் அண்ணா அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் தியேட்டருக்கு வருவார். அவர் வரத் தாமதமானால் இங்கே விளக்கைப் போட்டுவிடுவார்கள்; ஜனங்கள் விசிலடிப்பார்கள். அதனால்தான் தூதன். அந்த வேஷத்தைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். அண்ணாவும் சிரிப்பார். நாத்தனார் மட்டும் சிரிக்க மாட்டாள். "அவருக்கு அந்த வேஷம் வேணாம், அண்ணி" என்பாள். வேறு என்ன வேஷம் என்றால் பேச்சை மாற்றிவிடுவாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் தியேட்டரில் ஒரு மலைக்கோட்டைப் படம் பார்த்தேன். அதில் கதாநாயகன் குகையில் உட்கார்ந்திருக்கிறான். உடம்பெல்லாம் ஈரம். ராஜகுமாரி தாவணியைக் கிழித்து அவன் கையில் கட்டுப் போட்டு, ஒரு பாட்டும் பாடிவிடுகிறாள். அது முடிந்தபிறகுதான் கயிற்றுப்பாலத்துச் சண்டை வருகிறது. அதில் கையில் கட்டும் இல்லை, காயமும் இல்லை. அப்போதுதான் வெட்டு விழுகிறது, அப்போதுதான் ஆற்றில் குதிக்கிறான். கட்டு முதலில், காயம் பிறகு! நான் கண்ட தப்புகளிலேயே பெரிய தப்பு அதுதான். சொல்லாத வீடு கிடையாது, சொல்லாத பண்டிகை கிடையாது.

அதே படத்தை நாத்தனார் மார்க்கெட் பக்கத்துத் தியேட்டரில் பார்த்திருந்தாள். "எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"சரியா இருந்துச்சா? அப்போ உன் கண்ணு சரியில்லே."

"சாக்கு அண்ணி, விடு" என்று கன்னடத்தில் 'போதும்' சொல்லிவிட்டு எழுந்துபோவாள். அதனால் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் போனார். பிறகு அண்ணாவும் போய்ச் சேர்ந்தார். நாத்தனாரின் மகனுக்கு பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலை. தினம் இவ்வளவு தூரம் போய்வர முடியவில்லை என்று அங்கேயே வீடு பார்த்துவிட்டான். அம்மாவையும் கூட்டிப்போகிறான். இத்தனை வருஷம் இரண்டு வாசல் தள்ளி இருந்தவள் போகப்போகிறாள். எனக்கு மனசு சரியில்லை. அதைவிட, இந்த வழக்கு தீராமல் அவள் போவது பிடிக்கவில்லை. என் கண்ணைப் பற்றி அவள் மனசில் ஒரு சந்தேகத்தோடு போய்விட்டால், பிறகு எப்போது நான் அதைத் தீர்ப்பது?

இப்போதெல்லாம் ரிமோட்டை வாயருகே வைத்துப் படத்தின் பேரைச் சொன்னால் வந்துவிடுகிறது. சாமான் கட்டுகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"எனக்குப் பாத்திரம் கட்டற வேலை கீது."

"பாத்திரம் எங்கயும் ஓடிடாது. உக்காரு. பயமா?"

"எனக்கு இன்னா பயம்? உனக்காகத்தான் வேணாம்னு சொல்றேன்."

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. பேரைச் சொல்லிப் படத்தைப் போட்டேன்.

கயிற்றுப்பாலம் வந்தது. சண்டை வந்தது. கையில் வெட்டு விழுந்தது. ஆற்றில் குதித்தான். அதன்பிறகு குகை, ஈரம், தாவணி, கட்டு, பாட்டு. எல்லாம் வரிசையாக, ஒழுங்காக நடந்தது. நான் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பாட்டு காதில் ஏறவில்லை.

"மாத்தி வெட்டி ஒட்டியிருக்கானுங்க" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

நாத்தனார் என் முகத்தைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தே பேசினாள். "யாரும் ஒட்டலே, அண்ணி. நீ பார்த்தது நிஜம். அன்னிக்கு நல்ல மழை. எங்க வீட்டுக்காரரு ஒரு பொட்டி எடுக்கப் போயி மழையில மாட்டிகினு, அதுக்குள்ள அங்க அடுத்த பொட்டியும் ஓடி முடிஞ்சுட்டதால ரெண்டையும் ஒண்ணா கட்டிகினு வந்தாரு. பொட்டி மேல சாக்பீஸ்ல போட்ட நம்பர் மழையில அழிஞ்சுபோச்சு. இங்க ஜனங்க கத்திகினு இருந்தாங்க. கைக்கு வந்ததைக் கொடுத்துட்டாரு. பின்னாடி ஓட வேண்டியது முன்னாடி ஓடிடுச்சு. மெஷின்ல படம் ஓட்டினவரும் இவரும் வாயை மூடிகினாங்க. முதலாளி காதுக்குப் போயிருந்தா வேலை போயிருக்கும். அப்போ என் வயித்துல இவன் வேற."

பெட்டி தாமதமாக வரும் என்பது எனக்குத் தெரியும். மாறி வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

"தியேட்டரையே இடிச்சுக் கட்டடம் கட்டிட்டானுங்க. அப்புறமாவது சொல்றதுக்கு இன்னாடி?"

"அவரு சொல்லாதேன்னுட்டாரு. தங்கச்சி, அதான் நீ, அந்தக் கதையை அவ்ளோ அழகா சொல்லுது, அதைக் கெடுக்காதேன்னாரு."

ஒவ்வொரு தீபாவளிக்கும் இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்ததும் நான் அந்தக் கதையைத்தான் எடுப்பேன். கட்டு முதலில் என்று நான் சொல்லும்போது அண்ணா குனிந்து சோற்றைப் பிசைவார். காயம் பிறகு என்று முடிக்கும்போது எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரிப்பார். அந்த முகத்தையும் நான்தான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். குதிரையின் திட்டைப் பார்த்தவள் அதைப் பார்க்கவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்வேன். என் கண் பார்த்தது பொய் இல்லை. அதை அவளே சொல்லிவிட்டாள்.

டிவியில் கோட்டைக் கதவு திறந்துகொண்டிருந்தது. ரிமோட்டைக் கீழே வைத்தேன். "கேளுடி. இந்தப் படத்துக்கு வேஷம் மாத்தறேன். நான் தளபதி இல்லே. அண்ணாதான் தளபதி. பாலத்துல சண்டை போடறது அவரு."

நாத்தனார் என் பக்கம் திரும்பினாள். "அவருக்குக் கத்தி பிடிக்க வராது, அண்ணி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "தூதன் வேஷமே இருக்கட்டும். சைக்கிளை மட்டும் வாங்கிகினு ஒரு நல்ல குதிரையா குடு."

"வெள்ளைக் குதிரை" என்றேன். "கடைசி வரைக்கும் அதே குதிரை."