இடப்பக்கம் திரும்பாத உடம்பு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கிளீனராக லாரி ஏறி, டிரைவராகி, சொந்த லாரிகள் வாங்கி, ஃபேர்லேண்ட்ஸில் மாடி வீடும் கட்டினேன். ஒருத்தர் கைதூக்கி விட்டதில்லை. அப்படிப்பட்டவனுக்கு, சட்டைக்குள் இடது கையை நுழைக்க மனைவி துணை வேண்டும் என்றாகிவிட்டது. பழைய லாரிகளில் கியர் போடுவதென்றால் தோளையே சேர்த்து இழுக்க வேண்டும். இழுத்து இழுத்துத் தோள்பட்டை இறுகிப் போயிற்று.

"முறையா நீச்சல் பழகிப் பாருங்க. கை மேல வரலைன்னா ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

சின்ன வயதில் சேந்தமங்கலம் பக்கத்துக் கிணறுகளில் நான் குதித்தால் மேட்டில் நிற்பவர்கள் நனைவார்கள். அப்படிப்பட்ட எனக்கு நீச்சல் சொல்லித்தர, நீச்சல் குளத்தில் என் மகள் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். நான் ஒரு தடவை நீந்திப் போய் வந்ததும் சொல்லிவிட்டாள்.

"ஐயா, நீங்க நீந்தலைங்க. தண்ணியப் போட்டு அடிக்கிறீங்க."

"அடிச்சாத்தான அம்மிணி போகும்?"

"பலகையாட்டம் கவுந்து படுத்துக்கிட்டு வெறும் கையைச் சுத்துறீங்க. அதான் தோள் வலிக்குது. இடுப்புலருந்து உடம்பைத் திருப்புங்க. தோள் மேல வந்தா கை தானா வெளிய வரும்."

வலப்பக்கம் உடனே வந்தது. மூச்சுக்கு முகத்தைத் திருப்பும்போதே உடம்பும் சாய்ந்து, வலது கை லேசாக எழுந்தது. வேண்டியதோ இடது கை. இடப்பக்கம் திரும்பி மூச்செடுக்கச் சொன்னால் தண்ணீரைத்தான் குடித்தேன். தினமும் இதே பாடு. இருமி, களைத்து, சுவரைப் பிடித்து நிற்பேன். கரையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவிக்குச் சிரிப்பு.

"ஏனுங்க, குடிச்சே குளத்த வத்த வெச்சுருவீங்களாட்ட இருக்குது!"

"நீ எறங்கிப் பாரு புள்ள, தெரியும்."

ஒருநாள் படியில் சோர்ந்து உட்கார்ந்தபோது காரணம் பிடிபட்டது. லாரியில் டிரைவர் சீட்டு வலப்பக்கம். ரிவர்ஸ் எடுத்தாலும் வலது ஜன்னலில்தான் தலையை நீட்டுவேன். இடப்பக்கம் கிளீனர் பொறுப்பு. அவன் பாடியைத் தட்டினால் போவேன், கத்தினால் நிற்பேன். அந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்த்ததே கிடையாது. இத்தனை வருசம் பழகிய உடம்பு இப்போது திரும்பு என்றால் எங்கே திரும்பும்?

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப இடப்பக்கம் ஒரு ஆள் போட்டுருவோம்" என்று என் மனைவியைக் கூப்பிட்டாள்.

நான் நீந்த நீந்த, மனைவி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கரையோடு நடந்தாள். "இங்கதான் இருக்கறனுங்க, பாருங்க... பாருங்கன்னா!" அவள் இருக்கிறாளா என்று பார்க்கத் திரும்பியதில் முதலில் கழுத்து வந்தது. சில நாள் கழித்து இடுப்பும் வந்தது. ஒரு காலையில் இடது தோள் தண்ணீருக்கு மேலே எழுந்து, கை வலியில்லாமல் தானாக வெளியே வந்துவிட்டது. அதைப் பெருமையாகச் சொல்லக்கூட அன்று மூச்சு இல்லை.

திரும்பி வரும்போது எதிர்க்கரைதான் எனக்கு இடப்பக்கம். ஒவ்வொரு தடவையும் மனைவி குளத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக வேண்டும்.

"உங்களுக்குத் தோளு, எனக்கு முட்டி. ரெண்டு பேரும் ஒண்ணாப் போயி ஆபரேஷனுக்குப் படுத்துக்கலாமுங்க" என்றாள். ஆனாலும் நடந்தாள்.

போன வாரம் டாக்டர் என் கையைத் தூக்கிப் பார்த்தார். காதை ஒட்டி வந்தது.

"ஆபரேஷன் வேண்டாங்க. ஆனா நீச்சலை மட்டும் விட்டுராதீங்க."

"எத்தன நாளைக்குங்க?"

"ஆயுசுக்கும்."

என் வயது டிரைவர்களில் கத்தி படாமல் தப்பியவன் நான் ஒருத்தன்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். சொல்வேன். அன்றைக்குத் தெம்பில்லை. இரண்டு பேரும் காரில் ஏறி உட்கார்ந்தோம்.

"ஆயுசுக்கும்னா... எனக்குமுங்களா?" என்றாள் மனைவி, முட்டியைத் தடவிக்கொண்டே.

ஆமாம் என்று சொல்லவும் அலுப்பாக இருந்தது.