காற்றுப் புகாத பெட்டி

என் அத்தான் தகர வேலைக்காரர். எண்ணெய் டின், தண்ணீர்த் தொட்டி, கப்பலேறும் சரக்குக்கு உள்பெட்டி என்று நாற்பது வருஷம் தகரத்தை வெட்டி, மடக்கி, பற்றவைத்தே காலம் தள்ளியவர். அவர் பட்டறையில் ஒரு வழக்கம். எதைச் செய்து முடித்தாலும் தண்ணீரை நிரப்பி, பழைய செய்தித்தாளின் மேல் ஒரு நாள் முழுக்க வைப்பார். மறுநாள் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். எங்காவது மிளகளவு ஈரம் தெரிந்தால் போச்சு. பற்றவைத்ததை எல்லாம் உருக்கி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். வாங்க வந்தவர் வாசலில் நின்று தலையிலடித்துக்கொண்டாலும் கண்டுகொள்ள மாட்டார்.

வீட்டிலும் அதே கதைதான். கதவிடுக்கில் கம்பளித் துணி, ஜன்னல் விளிம்பில் ரப்பர் பட்டை. அவர் மனைவி, என் அக்கா, நூற்பாலையில் வேலை பார்த்தவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி முப்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தாள். கடைசி மாதங்களில் ஜன்னலைத் திறக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாள். தெருத் தூசி வந்தால் இன்னும் மோசமாகிவிடும் என்று, டாக்டர் சொல்லாததை எல்லாம் சொல்லி, அத்தான் அடைத்தே வைத்தார். எனக்கு அதில் அவர்மேல் கோபம். ஆனால் அவரிடம் வாய்திறந்து சொன்னதில்லை.

நான் அதே ஆலையின் மன்றத்தில் படம் ஓட்டியவன். ஆலை கொழித்த காலத்தில் முதலாளி ஆள் வைத்து, ஆலையைப் பற்றிப் பன்னிரண்டு நிமிஷப் படம் ஒன்று எடுத்தார். அதில் ஷிப்ட் முடிந்து பெண்கள் வாசலுக்கு வரும் இடத்தில் அக்கா வருவாள். ஒன்பது விநாடி. சாப்பாட்டுத் தூக்கை ஆட்டிக்கொண்டே வந்து, கேமராவைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வருபவளிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். வீட்டில் அவளுடைய போட்டோ இரண்டு உண்டு, இரண்டிலும் விறைப்பாக நிற்பாள். அவள் நடப்பதும் சிரிப்பதும் அந்த ஒன்பது விநாடியில் மட்டும்தான். படத்துக்கு வேறு பிரதி கிடையாது. திரையில் ஓடும்போது ஒருமுறை வீடியோ கேமராவில் பிடித்துப் பார்த்தோம். கோடுகோடாய் ஓடியதே தவிர ஆளே தெரியவில்லை.

வீடியோ வந்தபின் என் புரொஜக்டரைச் சீந்துவாரில்லை. பிறகு ஆலையே மூடியது. தொழிலாளர் நூலகம் மட்டும் மிஞ்சியது. அங்கிருந்த நூலகர் அம்மா ஒரு யோசனை சொன்னார். புரொஜக்டரையும் அந்தப் படச்சுருளையும் ஒரு பெட்டியில் வைத்துச் சுவருக்குள் பதித்துவிடுவோம், நூறு வருஷம் கழித்துத் திறப்பவர்கள் ஓட்டிப் பார்க்கட்டும் என்றார். நூலகக் குழு ஒப்புக்கொண்டது. பெட்டி என்றால் அத்தானைத் தவிர வேறு யாரைக் கேட்பார்கள்?

ஆறு மாதம் என்னைக் கேள்வி கேட்டே கொன்றார். நூறு வருஷம் கழித்துக் கரண்ட் இதே மாதிரி வருமா? இந்தப் பிளக் நுழைய ஓட்டை இருக்குமா? எனக்கென்ன தெரியும்? மோட்டாரை நம்ப வேண்டாம் என்று கையால் சுற்ற ஒரு கைப்பிடி செய்து பொருத்தினார். பல்பு கிடைக்காமல் போனால் என்று, வெயிலைத் திருப்பி உள்ளே விட ஒரு கண்ணாடியும் அதற்குத் தாங்கியும் செய்தார். பாஷையே மாறிப் போயிருந்தால்? மூடியின் உள்பக்கத்தில், சுருளை மாட்டும் விதத்தைப் பதினோரு படங்களாகக் கொத்தினார். நான் மாட்டிக் காட்டக் காட்ட அவர் கொத்தினார். என் கோணல் கட்டைவிரலைக்கூட விடவில்லை. பிறகு புரொஜக்டரைத் தொட்டே பார்க்காத நாலு பேரைத் தெருவிலிருந்து பிடித்துவந்து, ஒரு வார்த்தை சொல்லாமல், படத்தைப் பார்த்து மாட்டச் சொன்னார். மூன்று பேர் ஒரே இடத்தில் தலைகீழாக மாட்டினார்கள். ஏழாவது படத்தைத் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி கொத்தினார்.

உள்ளே காற்றுப் போகக் கூடாது, கரப்பான் மீசைகூட நுழையக் கூடாது என்று அவரிடம் சொன்னது நான்தான். அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

முதலில் வெறும் செய்தித்தாளை உள்ளே வைத்து அடைத்து, நூலகத் தண்ணீர்த் தொட்டியில் எட்டு நாள் அமுக்கி வைத்தார். பிரித்தபோது தாள் மொறமொறவென்று இருந்தது. அத்தான் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது அபூர்வம், அன்று பார்த்தேன். பிறகு சுருளை ஒரு டின்னில் வைத்துப் பற்றவைத்து, டின்னைப் பெட்டியில் வைத்துப் பெட்டியையும் பற்றவைத்தார். சுவரில் பதித்து, செய்தவர் என்று அவர் பெயரோடு ஒரு பித்தளைத் தகடும் அடித்தார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் தடவிப் பார்த்தார்கள்.

மூன்று வருஷம் போனது. என் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது, பழைய செய்திப்படச் சுருள்கள் இரண்டு கிடைத்தன. ஒன்று இறுக மூடிய டின்னில் இருந்தது. இன்னொரு டின்னுக்கு மூடியில்லை. அதை என் மனைவி எப்போதோ மாவு டப்பாவுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். மூடிய டின்னை நெம்பித் திறக்க அத்தானைக் கூப்பிட்டேன். திறந்ததும் வினிகர் நெடி மூக்கைத் துளைத்தது. சுருள் நெளிந்து, வறண்டு, தொட்ட இடத்தில் உடைந்தது. மூடியில்லாத சுருளில் ஒரு விரற்கடை தூசி, அவ்வளவுதான். துடைத்தால் ஓட்டலாம்.

அத்தான் இரண்டையும் மாறி மாறி மோந்து பார்த்தார். இரண்டும் ஒரே கம்பெனியா, ஒரே வருஷமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தச் சுருள் தானா விடுற மூச்சு இது, மச்சான். வெளிய போக வழியில்லாம, அதையே திரும்பத் திரும்பக் குடிச்சு செத்திருக்கு."

எனக்கும் புரிந்துவிட்டது. ஆனால் என் வாயில் வந்தது வேறு. பேசாமல் இருந்துவிடுவோம், ஒருவேளை அது நன்றாகவே இருக்கலாம், கெட்டிருந்தாலும் நூறு வருஷம் கழித்து நம்மைத் திட்ட வருகிறவனுக்கு நாம் கிடைக்கப்போவதில்லை என்றேன். தகட்டில் இருப்பது உங்கள் பெயர் என்றும் சொன்னேன். நாற்பது வருஷம் ஒரு சொட்டுக்கூடக் கசியவிடாமல் எடுத்த பெயர், அதை உடைக்கத்தான் வேண்டுமா என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உள்ள அவ இருக்கா."



மறுநாளே நூலகக் குழுவின் முன்னால் போய் நின்றார். ஒருவர், நூறு வருஷம் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு மூன்றே வருஷத்தில் உடைத்தால் சிரிக்க மாட்டார்களா என்றார். இன்னொருவர், உமக்கெதற்கு இந்த வேண்டாத வேலை என்று அக்கறையாகவே கேட்டார். அத்தானுக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. அடைத்தது நான், அடைத்தது தப்பு என்பதையே மூன்று தடவை சொன்னார். கடைசியில் நூலகர் அம்மா எழுந்துபோய், பெட்டி இருந்த சுவரை ஒட்டிய மேசையை நகர்த்தினார்.

பெட்டியின் உள்ளே டின்னில் முதல் கீறல் விழுந்ததும் அந்த நெடி வந்தது. அத்தானின் உளி ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தது.

சுருள் முழுசாய்ச் சாகவில்லை, ஆனால் சுருங்கி நெளிய ஆரம்பித்திருந்தது. ஓரத் துளைகள் பல்சக்கரத்தோடு சரியாகப் பொருந்தவில்லை. ஒரே ஒரு தடவை ஓட்டலாம், அதற்குமேல் தாங்காது என்றேன். ஓட்டு என்றார். மோட்டார் இழுத்தால் அறுந்துவிடும். அவர் நூறு வருஷத்துக்கு அப்பால் உள்ளவர்களுக்காகச் செய்த கைப்பிடியை நான் பிடித்துச் சுற்றினேன். படம் நடுங்கிக்கொண்டே ஓடியது. வாசல் திறந்தது. அக்கா தூக்கை ஆட்டிக்கொண்டு வந்தாள். முகம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிந்தது, ஆனால் சிரிப்பு சிரிப்பாகவே இருந்தது. என் கை தானாக மெதுவாகிவிட்டது. இன்னும் மெதுவானால் விளக்குச் சூட்டில் படம் கருகிவிடும்.

"நிறுத்திடாத," என்றார் பின்னாலிருந்து.

ஒன்பது விநாடியை நான் பதினைந்தாக இழுத்திருப்பேன். அவள் போனாள். அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு நிமிஷப் படம் துண்டு துண்டாக அறுந்து விழுந்தது. அக்கா வரும் பகுதி தப்பியது, ஆனால் இனி எந்த மெஷினிலும் அதை ஓட்ட முடியாது. இருநூற்றுப் பதினாறு கட்டம். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். இனி அவள் நடக்க மாட்டாள்.

அந்தக் கட்டங்களை வைக்க அத்தான் இரண்டாவது பெட்டி செய்தார். இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு துளைகள், பூச்சி வராமல் சல்லடைக் கம்பி. வாழ்நாள் முழுக்க ஓட்டையை அடைத்த மனுஷன், முதல் துளையைப் போட அரை நாள் எடுத்துக்கொண்டார். அதைச் சுவரில் பதிக்க விடவில்லை. அலமாரியில் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கச் சொன்னார். பழைய தகட்டைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் தானே கொத்தினார். "முதல் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்தேன். அதனால் படம் கெட்டது. தப்பு என்னுடையது. துளைகளை அடைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து மோந்து பாருங்கள்." கீழே அவர் பெயர். குழுவில் முணுமுணுத்தார்கள். நூலகர் அம்மா ஆணியை எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலை அவரோடு வீட்டுக்குப் போனேன். சட்டையைக்கூடக் கழற்றவில்லை, நேரே ஜன்னலுக்குப் போய் ரப்பர் பட்டையை உரிக்க ஆரம்பித்தார். இருபது வருஷத்துப் பசை, லேசில் வரவில்லை.

"அவ கேட்டப்பவே திறந்திருக்கணும், மச்சான்."

இருபது வருஷமாக நான் அவரிடம் சொல்ல வைத்திருந்தது அதுதான். அவரே சொல்லிவிட்டார். பட்டையின் இன்னொரு முனையைப் பிடித்து நானும் இழுத்தேன்.