சைலன்சர் அக்காவின் கத்தல்

தகர டப்பா செய்யும் ஆலையில் அவளுக்கு ‘சைலன்சர் அக்கா’ என்று பெயர். வாயைத் திறந்தால்தானே? பத்தொன்பது வருஷமாக டப்பாக்கள் இடித்துக்கொண்டு ஓடும் பெல்ட் பக்கத்தில் நிற்பவள். அந்த இரைச்சலில் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன. ஆறு வருஷத்துக்கு முன் அவள் வலது கை பெல்ட்டில் மாட்டியது. உயிர் போகக் கத்தினாள். பத்தடி தள்ளி நின்ற பேக்கிங்காரிக்குக்கூடக் கேட்கவில்லை. மோதிர விரலில் பாதி போன பிறகுதான் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

அதைத்தான் பாட்டாகக் கட்டினாள். டப்பாக்களை எண்ணும் கிசுகிசுப்பில் தொடங்கி, கடைசியில் அன்றைய கத்தலில் முடியும் பாட்டு. எதிரொலி விழாமலிருக்கத் துணி அலமாரியைத் திறந்து வைத்து, தலைக்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்கப் பாடினாள். பதிவு செய்தவன் தம்பி, செல்போன் ரிப்பேர் கடைக்காரன். தொழிலாளிகள் பாடிய பத்துப் பாட்டுகளின் தொகுப்பு ஒன்றுக்கு அது தேர்வானதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கேதான் கோட்டை விட்டான். மற்றவர்கள் பாட்டுக்கு முன்னால் நம்முடையது சோடை போகக் கூடாதென்று, ஒலி எகிறினால் தலையில் தட்டி அமுக்கும் லிமிட்டரை மாட்டி, மொத்தப் பாட்டையும் உச்சிவரை ஏற்றி அனுப்பிவிட்டான். வெளியீட்டுக்கு முன் கடைசியாக ஒலியைச் சீராக்கும் மாஸ்டரிங்காரர் மறுநாளே போன் செய்தார்.

“சாறெல்லாம் புழிஞ்சுட்டு சக்கைய அனுப்பியிருக்கீங்களே தம்பி. நான் இதுல என்னத்தப் பண்றது? லிமிட்டரக் கழட்டி, மேல ஆறு டெசிபல் காலியா விட்டு அனுப்புங்க. ஏத்துறது என் வேலை.”

தம்பி அசடு வழிந்தான். அவள் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். திரையில் பாட்டு முழுக்க ஒரே உயரத்தில், செங்கல் மாதிரி கிடந்தது.

“என் கத்தல் எங்கடா?”

“உள்ளதான்க்கா இருக்கு. எல்லாமே ஒரே சத்தமா ஆயிடுச்சு.”

“அன்னிக்கும் அப்படித்தான்டா இருந்துச்சு. எல்லாம் ஒரே சத்தம். அதான் ஒருத்தருக்கும் கேக்கல.”

பக்கத்திலேயே நின்று லிமிட்டரைக் கழற்ற வைத்தாள். அவன் வெட்டி எறிந்திருந்த மூச்சுகளையும் ஒன்று விடாமல் திரும்ப வைக்கச் சொன்னாள். மாஸ்டரிங்காரர் அதை அழகாகச் சீராக்கினார். கிசுகிசுப்பைக் கிசுகிசுப்பாகவே விட்டுவைத்தார். தொகுப்புக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

“மத்த ஒம்போது பாட்டும் சும்மா அதிருதும்மா. உங்களுது வந்தா ஜனங்க போன் கெட்டுப்போச்சுன்னு நெனப்பாங்க. அதுங்களுக்குச் சமமா அமுக்கி ஏத்தினா வெச்சுக்கலாம்.”

“இல்லன்னா?”

“எடுக்க வேண்டியதுதான்.”

“எடுத்துடுங்க.”

தம்பி காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆசை இல்லாமலா இருக்கும்? தொகுப்பின் அட்டையில் தன் பெயர் வருமென்று மனக்கோட்டை கட்டியிருந்தவள்தானே. அன்று சாப்பிடாமலேயே போய்ப் படுத்துக்கொண்டாள்.

தொகுப்பு ஒன்பது பாட்டோடு வெளிவந்தது. மறுநாள் ஆலையில் பேக்கிங்காரி காதருகே வந்து கத்திக் கேட்டாள், “உன் பாட்டு எங்கடி?”

அவள் தம்பியின் சின்ன ஸ்பீக்கரைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“ஒண்ணும் கேக்கலடி. கூட்டி வை.”

“பாட்ட ஏன் கூட்டணும்?” என்றவள், பாதி விரல் போன அதே கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பெல்ட் நின்றது. டப்பாக்கள் வரிசையாக நின்றன. சூப்பர்வைசர் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“யாரு நிறுத்துனது?”

“நான்தான் சார். நாலு நிமிஷப் பாட்டு. முடிஞ்சதும் ஓட்டிக்கலாம்.”

பத்தொன்பது வருஷத்தில் அவள் குரலை அவர் ஒழுங்காகக் கேட்டதே அன்றுதான். பொத்தான் பக்கம் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் அவள் டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சும் கேட்டது. பிறகு கத்தல் வந்தது. பேக்கிங்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இவ்ளோ சத்தமாவா கத்துன?” என்றாள். கண் கலங்கிவிட்டது.

“இவ்ளோ சத்தமாத்தான்.”