அலீம் நானாவின் மூக்கு

சேலையை முதலில் முகர்ந்துதான் பார்ப்பார் அலீம் நானா. மடிப்பைப் பிரித்து முந்தானையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுப்பார். பிறகு வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஜவுளிக்காரர்கள் எல்லாரும் செய்வதுபோலத் தலையைச் சாய்த்து ரசிப்பார். "நல்ல ரத்தச் செவப்பு, தங்கச்சி. தைரியமா எடுத்துக்கிட்டுப் போ" என்பார். அவர் சொன்னால் சிராங்கூன் ரோட்டில் மறுபேச்சு கிடையாது. யூசுப் மரைக்காயர் கடையில் இருபது வருஷமாக நிற்கிறார். கூறைப்புடவை அவர் கையால் எடுத்தால்தான் பெண்ணைப் பெற்றவர்களுக்கு நிம்மதி.

சாயவேர்ச் சிவப்பில் மண்வாசனை வரும், பச்சையில் மஞ்சளும் அவுரியும் சேர்ந்து அடிக்கும் என்று பாடமே நடத்துவார். கப்பலில் வரும் சீமைச் சாயம் மட்டும் அவருக்கு ஆகாது. "எல்லாம் ஒரே மண்ணெண்ணெ வாடை. நெறத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று எரிந்து விழுவார். அந்தச் சேலைகளை, மேலே ஒட்டியிருக்கும் நிறச்சீட்டைப் பார்த்து நிறவாரியாக அடுக்கிவிடுவார். அலமாரியில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது. ஒழுங்கான மனுஷர் என்று, அதே கடையில் துணி மடிக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரம்புத்தான் வாங்குவதில் மட்டும் மகா மோசம். சிவந்த பழத்தை விட்டுப் பச்சைக் காயாகப் பார்த்து வாங்கி வந்து, புளிக்கிறதென்று விற்றவரைத் திட்டுவார். இதையும் அதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குப் புத்தி போகவில்லை.

போன மாதம் கடை ஏணியிலிருந்து விழுந்து, கணுக்கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தார். நான் பார்க்கப் போயிருந்தபோது காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த டிரஸ்ஸர், "நானா, அந்தச் செவப்புச் சீசாவைக் கொஞ்சம் எடுங்க" என்றார். மேசைமேல் சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று. நானா இரண்டையும் திறந்து முகர்ந்தார். இரண்டிலும் கற்பூர வாடை. ஆழ்ந்து யோசித்துப் பச்சையை நீட்டினார்.

"வெளையாடுறீங்களா?"

"சீட்டு ஒட்டாம வச்சா யாருக்குத்தான் தெரியும்?" என்றார் நானா, நிஜமான கோபத்துடன்.

அந்தப் பக்கமாக வந்த வெள்ளைக்கார டாக்டர் நின்றுவிட்டார். கப்பலில் காவல் வேலைக்குப் போகிறவர்களுக்கு விளக்கு நிறம் தெரிகிறதா என்று சோதிக்க அவரிடம் கம்பளி நூல் கட்டு ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து, சிவப்பைத் தனியாகப் பிரிக்கச் சொன்னார். நானா சிவப்பையும் பச்சையையும் பாசமாக ஒரே குவியலாக்கினார். இவர் கண்ணுக்குப் பிறவியிலேயே இரண்டும் ஒன்றுதான், வைத்தியமும் கிடையாது, ஆபத்தும் கிடையாது என்று டாக்டர் சொன்னதை டிரஸ்ஸர் தமிழில் சொன்னார்.

நானா குவியலிலிருந்து இரண்டு நூலை எடுத்து முகர்ந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "அப்ப நீங்கள்லாம் மோந்து பாக்காமலே சொல்றீங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. "மரைக்காயர் இனிமே என்னைக் கடையில வச்சிருப்பாரா?" என்றார். பாவமாக இருந்தது.

நொண்டிக்கொண்டே கடைக்குத் திரும்பிய அன்றே மரைக்காயரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மரைக்காயர் தாடியைத் தடவிக்கொண்டார். பதில் சொல்வதற்குள், மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்யும் ரத்தினம்மா, மூன்றாவது மகளுக்குக் கூறை எடுக்க வந்து நின்றார். நானா அவரிடமும் சொன்னார்.

"வேற ஆளை வச்சுப் பாரு, தங்கச்சி. செவப்புன்னு நெனச்சுப் பச்சையைக் குடுத்துருவேன்."

"நெறம் பாக்க எனக்குக் கண்ணில்லையா?" என்றார் ரத்தினம்மா. "பெரியவ ரெண்டு பேருக்கும் நீங்க எடுத்துக் குடுத்தது இன்னும் சாயம் போகல. சும்மா இருங்க லா." தானே கையை விட்டு அலமாரியிலிருந்து தளதளவென்று ஒரு சிவப்பை உருவினார். "இது எப்படி?"

நானா வாங்கிக்கொண்டார். வாசல் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார்.

"சீமைச் சாயம். ரெண்டு தண்ணிக்குத் தாங்காது."

கண்ணைத் திறக்காமலே மடித்து ஓரமாக வைத்தார். கல்லாவிலிருந்து எழுந்து வந்த மரைக்காயர், இன்னொரு சிவப்புச் சேலையைப் பிரித்து, முந்தானையை அவர் மூக்கருகே நீட்டினார்.